வலி முட்டியில்... வம்பு இடுப்பில்!

அக்கா வீடு வாசுதேவநல்லூரில். மேற்கே பார்த்தால் மலை, பக்கத்தில் புளியங்குடி எலுமிச்சை, ஊருக்குள் அர்த்தநாரீஸ்வரர். லீவு கிடைத்தால் அங்கே போய் மூன்று வேளையும் தின்று தூங்கிவிட்டு வருவது என் வழக்கம். போன வருஷம் பொங்கலுக்கும் அப்படித்தான் போனேன். "வாங்க மாமா" என்று வாசலுக்கு வந்த மருமகன் (அக்கா மகன் சார்! எனக்கு இன்னும் பெண் பிறக்கவில்லை) லேசாக நொண்டினான்.

"என்னல, சாய்ச்சுச் சாய்ச்சு நடக்க?"

"முட்டி வலிக்கி மாமா."

பையனுக்கு 13 வயசு. கொஞ்சம் பூசின உடம்பு. கொஞ்சமென்ன, டவுன் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு அரை சீட்டுதான். நான்தான் பி.காம். படித்த டாக்டராயிற்றே! உடனே வைத்தியம் சொன்னேன். "செல்போனைத் தூரப் போட்டுட்டு, காலையில நாலு ரவுண்டு ஓடு. கொழுப்பு கரையும், வலி பறக்கும்." மாமா சொல்லைத் தட்டாத பிள்ளை. மறுநாள் விடியற்காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஏனென்றால் அப்போதே வலி ஆரம்பித்து மூன்று மாதம். பக்கத்து வீட்டுப் பாட்டி "வளர்ற பிள்ளைக்கு வர்ற வலி" என்றிருக்கிறாள். ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார். ஒரு கிளினிக்கில் முட்டிக்கு எக்ஸ்-ரே எடுத்து, "முட்டி சூப்பரா இருக்கு" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. முட்டி நிஜமாகவே சூப்பராகத்தான் இருந்தது!

ஊர்க் கோயிலில் அர்த்தநாரீஸ்வரருக்கு ஒரு பாதி ஒரு மாதிரி, மறுபாதி வேறு மாதிரி. எங்கள் பையன் நடையும் அப்படித்தான். இடது பாதம் நேராகப் போக, வலது பாதம் வெளிப்பக்கம் வேடிக்கை பார்த்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர், காணும் பொங்கலுக்கு மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்த ஓர் இளம் டாக்டர். பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி மார்புப் பக்கம் கொண்டுபோனார். இடது கால் நேராக வந்தது. வலது கால், யாரோ இழுத்த மாதிரி, தானாக வெளிப்பக்கம் சாய்ந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இனிமே இவன் கால் தரையில படக்கூடாது. இடுப்புக்கு எக்ஸ்-ரே எடுக்கணும்."

"வலி முட்டியிலதானே சார்?"

"புலம்புறதுதான் முட்டி. கெட்டுப்போனது இடுப்பு."

நான் 'ஙே' என்று விழித்தேன்.

விஷயம் இதுதான். தொடை எலும்பின் உச்சியில் ஒரு உருண்டை. அது இடுப்பில் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. உருண்டைக்கும் கீழே உள்ள கழுத்துக்கும் நடுவில் ஒரு வளர்ச்சித் தட்டு. வளர்கிற வயசில் அது ஈர சிமெண்ட் மாதிரி, இன்னும் இறுகாத இடம். 10 வயசிலிருந்து 16க்குள், திடீரென்று உயரம் கூடும்போது, அதுவும் உடம்பு கனமாக இருந்தால், சில பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் எலும்பு மெல்ல மெல்ல நழுவுகிறது. பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு இது அதிகம். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், மூளை குழம்பிவிடுகிறது. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், இடுப்பு செய்த செலவு முழங்கால் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. முட்டி லெட்ஜரை எத்தனை தடவை புரட்டினாலும் தப்பு கிடைக்காது!

ஆம்ப்ரோயிஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1572இலேயே இந்த நழுவலைப் பற்றி எழுதி வைத்துவிட்டாராம். 450 வருஷம் தாண்டியும் நாம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

நழுவல் மெதுவாக நடக்கும்வரை தப்பித்தோம். ஒரு குதி, ஒரு விழுகை, ஒரு கபடிப் பிடி... சடாரென்று முழுக்க நழுவினால், உருண்டைக்குப் போகிற ரத்தம் நின்று எலும்பே செத்துப்போகலாம். அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டுதான் பிள்ளையை நான் ஓடச் சொன்னேன்.

இன்னொரு கூத்து. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நழுவலுக்கும் வைட்டமின் டி குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்கிறது. பையன் ரத்தத்திலும் அது குறைவுதான். வாசுதேவநல்லூர் வெயிலிலா! காலையில் டியூஷன், பகலில் வகுப்பு, சாயங்காலம் மறுபடி டியூஷன் என்றால் சூரியன் பாவம், பிள்ளையை எங்கே பார்ப்பது?

உடனே உங்கள் வீட்டுப் பையன் முட்டியைப் பிடித்தால் பதறாதீர்கள். முட்டிக்குச் சற்றுக் கீழே புடைத்துக்கொண்டு, விளையாடினால் மட்டும் வலித்தால், அநேகமாக ஓய்வெடுத்தாலே அடங்கிவிடும். பாட்டி சொன்ன வளர்ச்சி வலியும் உண்டுதான். ஆனால் அது சின்னப் பிள்ளைகளுக்கு, ராத்திரியில், இரண்டு காலிலும் வரும். காலையில் துள்ளி ஓடுவார்கள். பகலில் நொண்டுகிற பிள்ளைக்கு அந்தப் பெயர் சூட்டக்கூடாது. தொண்டைப் புண் வந்து சில வாரத்தில் மூட்டு மூட்டாக வலி தாவினால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டோடு நிற்காது, இதய வால்வைக் கெடுக்கும். இடுப்பு மூட்டில் காசநோயும் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. நொண்டலோடு ராத்திரி வலி, எடை குறைவு என்றால் டாக்டரிடம் அதையும் கேளுங்கள். கடும் காய்ச்சலும் காலை ஊன்ற முடியாத வலியும் சேர்ந்து வந்தால், மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு நாளைக்கு என்ற பேச்சே கிடையாது.

ஆபீஸ் போகிற அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் முதுகும் இடுப்பும் பலகை மாதிரி விறைத்து, நடமாட நடமாடச் சரியாகிறதா? மூன்று மாதத்துக்கு மேலாக இப்படித்தானா? நாற்காலியைத் திட்டாதீர்கள். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று ஒன்று இருபது வயசையொட்டி ஆரம்பிக்கும். பேர் வாயில் நுழையாது, முதுகில் நுழைந்துவிடும்.

பையனை ஆம்புலன்ஸில் படுக்கவைத்தபடியே திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். தவளை மாதிரி காலை விரிக்கச் சொல்லி எடுத்த எக்ஸ்-ரேயில் நழுவல் பளிச்சென்று தெரிந்தது. மறுநாளே ஆபரேஷன். ஒரே ஒரு ஸ்குரூ. மெல்ல நழுவினதைப் பழைய இடத்துக்கு வலுக்கட்டாயமாக இழுக்கமாட்டார்களாம், ரத்த ஓட்டம் கெட்டுவிடும் என்று. மேற்கொண்டு நழுவாமல் பூட்டிவிட்டார்கள். அதனால் பாதம் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம்தான் பார்க்கிறது. மூன்று மாதம் முன்னால் போயிருந்தால் இதுகூட இருந்திருக்காது.

ஊன்றுகோலைப் போட்டுவிட்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் ஒரு பக்கம் நழுவியவர்களில் கணிசமான பேருக்கு மறுபக்கமும் நழுவுமாம். வளர்ச்சி முடிகிறவரை இடது இடுப்பையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த எக்ஸ்-ரேக்கு அக்கா காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாள்.

"ஆடி மாசமா இருக்கே, ஒரு பத்து நாள் தள்ளிப் போனா என்ன?" என்றார் அத்தான்.

அக்கா பார்த்த பார்வையில், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நேரம் விசாரிக்கப் போய்விட்டார்.