பக்கத்துக் கம்பத்து மொழிக்கு இலக்கணம் எழுதலாம்

எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று கேட்டு லோபாக்கில் என்னிடம் வரும் பிள்ளைகளில், மொழிப்பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கவலைதான். “தமிழ் நன்றாக வருகிறது. ஆனால் ஆசிரியர் வேலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?” என்பார்கள். அவர்களிடம் நான் மொழியியல் களப்பணியைப் பற்றிச் சொல்வதுண்டு. எழுத்து வடிவம் இல்லாத, பேசுவோர் குறைந்துவரும் ஒரு மொழியைத் தேடிச் சென்று, கேட்டு, பதிவு செய்து, அகராதியும் இலக்கணமும் எழுதும் தொழில் அது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நமது நெகிரி செம்பிலானிலேயே அதற்குக் களம் இருக்கிறது.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா, பகாவ் வழியாகப் பகாங் எல்லையை நோக்கிச் செல்லுங்கள். ஜெம்போல் வட்டாரத்திலும், எல்லைக்கு அப்பால் தாசேக் பெரா ஏரிக்கரையிலும் செமெலாய் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். பகாவ் பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் பெரியவர்கள் பலருக்கு இவர்கள் பழகிய முகங்கள். ஆனால் இவர்களின் மொழி எத்தகையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மலாய் அல்ல, வேறு குடும்பம்

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினரை அரசு 3 பெரும் பிரிவுகளாகவும் 18 இனங்களாகவும் வகுத்திருக்கிறது. நம் மாநிலத்தில் அதிகம் காணப்படும் தெமுவான் மக்களும் செமெலாய் மக்களும் ‘மெலாயு புரோட்டோ’ என்ற ஒரே பிரிவில் வருகிறார்கள். தெமுவான் மொழி மலாய்க்கு நெருக்கமானது. செமெலாய் மொழியோ ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தின் அஸ்லியன் கிளையைச் சேர்ந்தது. அதன் தூரத்து உறவினர்கள் கம்போடியாவின் கெமர், வியட்நாமிய மொழி, இந்தியாவின் சந்தாலி, நிக்கோபார் தீவுகளின் மொழிகள் ஆகியவை. அரசுப் பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு இனங்களின் மொழிகள் இத்தனை வேறுபட்டவை என்பதை மொழியியல்தான் காட்டுகிறது.

இந்தச் செமெலாய் மொழிக்கு முழுமையான இலக்கணம் எழுதியவர் நிக்கோல் குரூஸ்பே. தாசேக் பெராவில் செமெலாய் மக்களிடையே தங்கி மொழியைக் கற்று, மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அது 2004-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வழி நூலாக வந்தது. பிறகு சிலாங்கூர் கடலோர மா மெரி மக்களிடம் சென்றார். சிப்பாங் வட்டாரத்தின் புக்கிட் பங்கோங்கில் பேசப்படும் மா மெரி மொழிக்கு அவர் தொகுத்த அகராதி 2010-இல் வெளியானது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இந்த மொழிகளின் ஆய்வைத் தொடர்ந்தார். சில ஆயிரம் பேர் பேசும் மொழிகளுக்காக ஓர் ஆய்வாளர் பல்லாண்டுகளைக் கொடுத்திருக்கிறார்.

என்ன வேலை செய்ய வேண்டும்?

முதலில் அனுமதி. பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் ஒப்புதலும், அதைவிட முக்கியமாகக் கிராம மக்களின் சம்மதமும் வேண்டும். அடுத்து, உடலுறுப்பு, உறவுமுறை, எண், நீர், நெருப்பு போன்ற அடிப்படைச் சொற்களின் பட்டியல். அனைத்துலக ஒலியெழுத்துகளில் அவற்றைக் குறிக்கப் பழக வேண்டும். பிறகு வாக்கியங்கள், கதைகள், வீட்டுப் பேச்சு. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுதி, பிரித்து, பொருள் குறிக்கப் பல நாள்கள் ஆகும். இதற்கென்றே ‘எலான்’ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

தமிழும் மலாயும் தெரிந்த மாணவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழில் விகுதிகள் சொல்லின் கடைசியில் சேரும். அஸ்லியன் மொழிகளிலோ சொல்லின் நடுவே ஒலியைச் செருகிப் புதிய சொல் ஆக்கும் வழக்கம் உண்டு. மலாயில் ‘துன்ஜோக்’ என்றால் சுட்டு. நடுவே ஒலி புகுந்து ‘தெலுன்ஜோக்’ ஆனால் சுட்டுவிரல். இதை அறிந்தவனுக்கு அந்த அமைப்பு எளிதில் பிடிபடும். ‘சலசல’, ‘கடகட’ போன்ற இரட்டைக்கிளவிகளோடு வளர்ந்தவனுக்கு, ஓசையையும் தோற்றத்தையும் உணர்வையும் ஒரே சொல்லில் காட்டும் அஸ்லியன் சொற்களும் அந்நியமாகத் தோன்றா.

காடு போனால் சொல்லும் போகும்

2018-இல் குரூஸ்பேயும் அசிஃபா மஜித் என்ற ஆய்வாளரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செமெலாய் மக்களிடமும், அவர்களுக்கு நெருங்கிய மொழி பேசும் செமாக் பெரி மக்களிடமும் வாசனைகளையும் வண்ணங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். வேட்டையாடியும் காட்டில் சேகரித்தும் வாழ்ந்த செமாக் பெரியினர், வண்ணத்துக்குப் பெயர் சொல்வதைப் போலவே வாசனைக்கும் தயங்காமல் பெயர் சொன்னார்கள். காட்டை அழித்து நெல் பயிரிடும் மரபுடைய செமெலாய் மக்களுக்கு, நம்மைப் போலவே, வண்ணம் எளிது, வாசனை கடினம்.

தமிழில் ‘கவிச்சி’, ‘முடை’ போன்ற சில சொற்கள் நமக்கு இருக்கின்றன. மற்றபடி ‘மல்லிகை வாசனை’, ‘மண் வாசனை’ என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் சமாளிக்கிறோம். மொழி நெருக்கமாக இருந்தும் வாழ்க்கை முறை மாறினால் இந்தத் திறன் மாறுகிறது என்பதுதான் அந்த ஆய்வு சொல்லும் செய்தி. காடு செம்பனைத் தோட்டமாகும்போது மரங்களோடு இத்தகைய சொற்களும் ஆபத்துக்குள்ளாகின்றன.

எல்லாம் பதிவாகிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். கிளந்தானில் ஜஹாய் மொழியை ஆராயப் போன லுண்ட் ஆய்வாளர்கள், அதே கிராமத்தில் சிலர் வேறொரு மொழி பேசுவதைக் கண்டார்கள். ஜெடெக் என்னும் அந்த மொழியைச் சுமார் 280 பேர் பேசுவதாக 2018-இல் அறிவித்தார்கள்.

சட்டம் திறந்த கதவு

தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம் தரும் உரிமை. நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த செய்தி இது. அதே சட்டம் பூர்வகுடி மொழிகளுக்கும் அதே 15 என்ற எண்ணிக்கையைச் சொல்கிறது. ஆனால் அவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை: அது நியாயமானதாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையில்தான் மொழியியலாளரின் வேலை வருகிறது. எழுத்துமுறை, அகராதி, பாடநூல், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகிய நான்கும் இல்லாமல் ஒரு மொழி வகுப்பறைக்குள் வர முடியாது. செமாய் மொழி 1990-களின் பிற்பகுதியிலிருந்து பேராக், பகாங் மாநிலங்களின் சில பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. மற்ற மொழிகளுக்கு வழி திறக்க இன்னும் பலர் உழைக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு சமவெளியில் பேசப்பட்ட கவுர்ணா மொழி இதற்கு நல்ல சான்று. 1840-இல் இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார்கள் அதன் சொற்களையும் இலக்கணத்தையும் நூலாக அச்சிட்டார்கள். பின்னர் அது அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, கவுர்ணா மக்கள் ராப் அமெரி என்ற மொழியியலாளரின் துணையோடு அந்த நூலை ஆதாரமாகக் கொண்டு மொழியை மீட்கத் தொடங்கினார்கள். இன்று அதில் பாடல்களும் வரவேற்புரைகளும் வகுப்புகளும் உண்டு. அன்று யாரோ எழுதி வைத்ததால்தான் இது நடந்தது. ஆனால் அந்த நூலைத் திறக்க முடிவு செய்தவர்கள் அந்த மக்களே. மொழியியலாளர் கருவியைத் தரலாம். பிள்ளையிடம் பேச வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தாம்.

இன்றே தொடங்கலாம்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் தமிழோடு மொழியியலையும் படிக்கலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். லயம், பெரட்டு, தண்டல், கிராணி, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை எனத் தோட்டத்துத் தமிழில் எத்தனையோ சொற்கள் அந்த வேலையோடு மறைந்து வருகின்றன. நம் தோட்டங்களில் தெலுங்கும் மலையாளமும் பேசிய குடும்பங்கள் பல இருந்தன. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று தமிழ் மட்டுமே பேசுகிறார்கள். ஒரு மொழி ஒரு வீட்டை விட்டு எப்படி வெளியேறுகிறது என்பதை அவர்களிடமே கேட்டு எழுதலாம்.

ஒவ்வொரு பதிவிலும் சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவருடைய சம்மதத்தோடு குறித்து வையுங்கள். இப்படி நூறு சொற்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாணவர் வந்தால், ‘மொழி படித்து என்ன வேலை’ என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அந்த வேலையை அவர் தொடங்கியிருப்பார்.