வீட்டு வைஃபைக்கு வரப்பு உண்டா?

மரக்காணத்து உப்பளத்தில் வரப்பு உடைந்தால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உப்புநீர் அடுத்த பாத்திக்கு ஓடும். தொழிலாளி மண்வெட்டியுடன் விரைவார். இன்று நம் கரையோர வீடுகளில் நுழைந்துவரும் வைஃபை என்னும் கம்பியில்லா இணைப்புக்கோ அத்தகைய வரப்பு ஏதுமில்லை. சுவரையும் கதவையும் கடந்து அது தெருவரை செல்கிறது. சுவரோடு சுவர் ஒட்டிய குப்பத்து வீடுகளில் பல குடும்பங்களையும் எட்டுகிறது. தெருவில் நிற்பவர் ஒருவர் அதில் நுழைந்தால் வீட்டாருக்கு ஓசையும் கேட்பதில்லை.

“போகட்டுமே, பக்கத்து வீட்டுப் பிள்ளை படிப்பதற்குத்தானே!” என்பார் பலர். அந்த நல்ல மனத்தை நாம் குறைகூறோம். ஆயினும், குடத்து நீரைக் கொடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. வீட்டிலுள்ள கைப்பேசிகள் எத்தனையாயினும், வைஃபையில் இணைந்தவை யாவும் ஒரே ரௌட்டர் வழியாகவே வெளியே செல்கின்றன. செய்தியைப் பெறுவோர்க்குத் தெரிவது அந்த வீட்டு இணைப்பின் இணைய எண் ஒன்றே. அது யார் பெயரில் உள்ளது என்பதைச் சேவை நிறுவனத்தின் பதிவேடு சொல்லிவிடும். ஆகவே, இணைப்பைக் கொடுப்பவர் தம் பெயரையும் சேர்த்தே கொடுக்கிறார்.

இதன் விளைவு யாதென்பதை 2008-ஆம் ஆண்டு நம் நாட்டுக்குக் காட்டியது. அவ்வாண்டு ஜூலை 26-இல் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுகள் வெடித்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதன் தடத்தைத் தேடிச் சென்ற காவல்துறையினர், நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றனர். அவருடைய கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டன, அவரும் விசாரிக்கப்பட்டார். வேறு யாரோ அவருடைய வைஃபைக்குள் புகுந்து அஞ்சலை அனுப்பியிருந்தனர் என்பது பின்னரே தெளிவாயிற்று. அடுத்த மாதம் மும்பை மாதுங்காவிலுள்ள ஒரு கல்லூரியின் இணைப்பும், செப்டம்பர் 13-இல் டில்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் இணைப்பும் இவ்வாறே பயன்பட்டன. 2009 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்புடன் அமைக்கும்படி சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

பூட்டு வேண்டும் என்பது சரி, எத்தகைய பூட்டு? 1997-இல் வந்த ‘வெப்’ என்னும் முதல் முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் அது தென்பட்டால் விட்டொழிக்க வேண்டும். 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, அல்லது 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்பதையே தேர்ந்தெடுத்தல் நலம்.

பூட்டு நல்லதாயிருந்தும் சாவி எளிதாயிருப்பதே நம் வீடுகளின் பெருங்குறை. குடும்பத்தலைவரின் கைப்பேசி எண்ணையே பாஸ்வேர்டாக வைக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. பத்து இலக்கமாயிற்றே என்று எண்ண வேண்டா. நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கம் ஒன்றில்தான் தொடங்குகின்றன. டபிள்யூ.பி.ஏ.2 இணைப்பில் ஒரு கைப்பேசி நுழையும்போது நிகழும் பரிமாற்றத்தைத் தெருவிலிருந்தே பதிவு செய்துகொண்டு, பின்னர் எல்லா எண்களையும் வரிசையாகப் பொருத்திப் பார்ப்பது சக்திமிக்க கணினிக்குச் சில மணிநேர வேலையே. மகளின் பெயரும் பிறந்த ஆண்டும் அதனினும் எளிது. அவற்றை அறியக் கணினியும் வேண்டுமா? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள பாட்டிக்கும் நினைவில் நிற்கும். அயலான் ஊகிப்பது அரிது.

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு. பல கருவிகளில் அது ‘அட்மின்’ என்றே வருகிறது. அதையும் மாற்றுதல் வேண்டும். பொத்தானாலோ எட்டு இலக்க எண்ணாலோ இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடுங்கள். அந்த எட்டு இலக்கத்தைப் பழைய கருவிகள் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால், பத்துக் கோடி முறை முயல வேண்டிய இடத்தில் 11,000 முறையே போதும் என்பது 2011-இல் வெளிப்பட்டது.

அப்படியானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தேர்வுக்கு என்ன வழி? இப்போதைய ரௌட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கென்று தனி வலை அமைக்கலாம். அதற்கு வேறொரு பாஸ்வேர்டு கொடுத்து, தேர்வு முடிந்ததும் மாற்றிவிடலாம். நம் கணினிக்கும் கேமராவுக்கும் அவ்வழியே வர இயலாதபடி தடுக்கலாம். ஆனால் விருந்தினர் வலையும் நம் பெயரிலேயே வெளியே செல்லும். எனவே அறிந்தவர்க்கு மட்டுமே கொடுங்கள். அவர் பிறருக்குக் கைமாற்றாதபடி சொல்லிக் கொடுங்கள்.

கடற்கரையோருக்கு மட்டும் இன்னுமொன்று. உப்புக்காற்று சைக்கிளை அரிப்பதுபோல் ரௌட்டரையும் அரிக்கும். பழுதடைந்ததற்கு மாற்றாக வரும் கருவி, ஒட்டுச்சீட்டில் அச்சிட்ட பாஸ்வேர்டுடன் புதிதாய்த் தொடங்கும். மேற்சொன்ன மாற்றங்கள் அனைத்தையும் அன்றே மீண்டும் செய்தாக வேண்டும். பழைய கருவியைக் காயலான் கடையில் போடுமுன், மின்சாரம் ஏறும் நிலையிலிருந்தால், அதன் பின்புறமுள்ள சிறு துளையில் ஊக்கைச் செருகிச் சற்றுநேரம் அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும்போது, அதனுள் இருந்த பாஸ்வேர்டும் அழிந்திருக்கும்.