பட்டுக்கூட்டுப் புரதத்தின் மடிப்பும் வட்ட இருநிறமை அளவீடும்

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்திற்கு வரும் கூட்டை வணிகர் அதன் ஓட்டின் கனத்தாலும் நிறத்தாலும் மதிப்பிடுகின்றனர். அதே கூட்டைக் கரைத்து ஆராய்பவருக்கு எழும் வினா வேறு: கரைசலில் புரதச் சங்கிலி எவ்வாறு மடிந்துள்ளது? வட்ட இருநிறமை அளவீடு இதற்கு எவ்வளவு தூரம் விடை தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டத் தளவிளைவுற்ற ஒளியில் மின்புலம் திருகுபோல் சுழன்று செல்லும். அச்சுழற்சி இடஞ்சுழி, வலஞ்சுழி என இருவகைப்படும். கைரல் மூலக்கூறு இவ்விரண்டையும் சற்றே வேறுபட்ட அளவில் உட்கவரும். அவ்வேறுபாடே வட்ட இருநிறமை. புரதத்தில் 190 முதல் 230 நானோமீட்டர் வரை உட்கவர்வது பெரும்பாலும் பெப்டைடு பிணைப்பு. தனித்த நிலையில் அது ஏறத்தாழச் சமதளமானது. சங்கிலியில் அடுத்தடுத்த பிணைப்புகள் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும் முறையே நிறமாலையின் வடிவை முடிவு செய்கிறது. அத்திருப்பக் கோணங்களுள் எவை இயலும் என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் உடனாய்வாளர்களும் 1963இல் வரைபடமாகக் காட்டினர். வட்ட இருநிறமை தனித்தனிக் கோணத்தைக் காட்டாது. அனைத்தின் சராசரியையே காட்டும்.

ஆல்ஃபா சுருள் 208, 222 நானோமீட்டரில் இரு எதிர்க்குறிப் பள்ளங்களைத் தரும். பீட்டா தாள் 218 அருகே ஒரு பள்ளத்தையும் 195 அருகே நேர்க்குறி முகட்டையும் தரும். ஒழுங்கற்ற சங்கிலிக்கு 198 அருகே ஆழ்ந்த பள்ளம் உண்டு.

கூட்டைச் சோடியம் கார்பனேட்டு நீரில் கொதிக்க வைத்துச் செரிசின் பசையை நீக்கி, எஞ்சும் ஃபைப்ராயினை அடர் லித்தியம் புரோமைடில் கரைத்து, சவ்வூடு பிரித்தால் தெளிந்த கரைசல் கிடைக்கும். அதன் நிறமாலை பெரிதும் ஒழுங்கற்ற சங்கிலியினுடையது. மெத்தனால் சேர்த்தபின் பள்ளம் 218 பக்கம் நகர்கிறது. அமினோ அமில வரிசை மாறவில்லை. மடிப்பு மட்டுமே மாறிற்று. நீரில் கரையும் பட்டுப் படலம் மெத்தனாலில் நனைந்தபின் கரையாததாவதும் இம்மாற்றத்தினாலேயே.

இங்கே இடறுவோர் பலர். எஞ்சிய புரோமைடு அயனி 200 நானோமீட்டருக்குக் கீழே தானே வலுவாக ஒளியை உட்கவரும். உணரியின் மின்னழுத்தம் எல்லை கடந்தபின் பதிவாகும் வளைவு வெறும் இரைச்சல். அதையும் சிலர் மென்பொருளில் இட்டு, பீட்டா விழுக்காட்டைத் தசம இலக்கத்துடன் எழுதுகின்றனர். தாள்களின் முறுக்கு புரதத்திற்குப் புரதம் வேறுபடுவதால், நல்ல தரவிலும் பீட்டா மதிப்பீடு சுருளின் மதிப்பீட்டைவிட உறுதி குறைந்ததே. மின்னழுத்த வளைவையும் உடன் வெளியிடுமாறு கேட்பது மிகையான கோரிக்கை அன்று. மெத்தனாலில் கரைசல் கலங்கினால் ஒளிச்சிதறலும் வளைவைச் சிதைக்கும்.

முறுக்கிய பட்டு நூலை இவ்வழியில் அளத்தல் பொருந்தாது. அதன் இழைகள் ஒரே திசையில் அடுங்கியிருப்பதால் நேர்கோட்டு இருநிறமை மேலோங்கிவிடும். நூலுக்கு எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவும் அகச்சிவப்பு நிறமாலையுமே உரியவை.