அவைக்கு வேலி இடுவார் யார்?

பலர் கூடிப் பேசும் இடத்தில் பூசல் எழுதல் இயல்பு. ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டக் கோயிலின் திருவிழாக் கூட்டமாயினும், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமாயினும், எப்பொருளை எடுத்தாலும் "கூடாது" என்று எழுந்து நிற்பார் ஒருவர் இருப்பர். அத்தகைய அவையை ஒழுங்குபடுத்த வெளியிலிருந்து ஓர் அதிகாரி வரவேண்டுமா? அன்றி, அவையே தன்னை ஆண்டுகொள்ள இயலுமா? இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் விடை தருகின்றன.

திருநெல்வேலியை அடுத்த மானூரில் உள்ள பாண்டியர் கல்வெட்டு ஏறத்தாழக் கி.பி. 800-ஐச் சார்ந்தது. அவ்வூர்ச் சபையார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதிகள் அதில் உள. சபையில் வரும் பொருள் ஒவ்வொன்றையும் "அன்று" என மறுத்துத் தடை செய்வார் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும். அவருக்குத் துணை நிற்பார்க்கும் அதுவே தண்டம். இத்தடையைக் கல்வெட்டு 'குத்துக்கால்' என்று குறிக்கும். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. மறுத்துரைத்தல் குற்றமாகவில்லை; எல்லாவற்றையும் மறுத்தலே குற்றமாயிற்று. மறுப்பு வேறு, முட்டுக்கட்டை வேறு என்பதை அச்சபையார் உணர்ந்திருந்தனர்.

விதி வகுத்த அளவில் குறை தீர்ந்துவிடுமா எனின், தீராது. இதனை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இல், அவ்வூர்ச் சபை வாரிய உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க விதி செய்தது. இரண்டே ஆண்டுகளில், 921-இல், அவ்விதியைச் சபையே திருத்தியது. 30 முதல் 60 வரை என இருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாறிற்று. வாரியப் பணியேற்றுக் கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் குடத்தில் பெயர் இடப்பெறும் உரிமையை இழந்தனர். இருமுறையும் அரசன் ஆணையால் வந்த அதிகாரி உடனிருந்தான்; ஆயினும் வாரியங்களை நடத்தியவர் ஊராரே.

இச்சபைகளின் குறையையும் கூறுதல் வேண்டும். இவ்விரண்டும் அந்தணர் ஊர்ச் சபைகள். நிலமும் வேதக் கல்வியும் உடையாரே உறுப்பினராயினர். உழுது உழைத்த மக்களுக்கு அங்கு இடமில்லை. விதிக்கு உட்பட்டோர் எல்லாரும் விதி செய்தோர் அல்லர்.

இக்காலத்தில் மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் உள்விதியையும் வெளிக்காவலையும் இணைக்கின்றது. பதிவு பெற்ற சங்கம் தன் விதிகளின்படி தானே இயங்கும். ஆண்டுதோறும் தன் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்புதல் அதன் கடமை.

காவல் அற்ற அவை உரிமையுடைய அவை ஆகாது. உரத்த குரலுடையார் கையகப்பட்ட அவையே ஆகும். ஆனால் அக்காவல் எப்போதும் வெளியிலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. விதி முன்னரே எழுதப்பெற்று, எல்லாரும் அறிய நின்று, தலைவரையும் கட்டுப்படுத்துமாயின், அவை தன்னைத் தானே ஆளும். மாணவர் மன்றம் நடத்தும் ஆசிரியர் "அமைதி!" என அதட்டுமுன், அம்மன்றத்தின் விதிகளை மாணவரையே எழுதச் செய்தல் நன்று. தாம் எழுதிய விதியை மீறுவோனை அவர்களே தடுத்துக் கேட்பர்.