கால்மிதிக்கு நூல் எவ்வளவு?

சென்ற ஆண்டு நாம் சாக்குத் துணியில் குஞ்சம் கோத்த கால்மிதி பாதியில் நின்றது. சிவப்புக் கம்பளி நூல் தீர்ந்தது. மீண்டும் குளுவாங் சென்று வாங்கிய சிவப்போ வேறாயிருந்தது. ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் நிறம் சற்றே மாறும். ஆதலின் நூலை ஒருசேர வாங்குதல் வேண்டும்.

பரப்பு மட்டும் போதாது. குஞ்சம் நெருங்கினாலும் நீண்டாலும் நூல் மிகும். முடிச்சுக் கம்பளத்தின் நெருக்கத்தை ஓர் அங்குலச் சதுரத்திலுள்ள முடிச்சுகளை எண்ணி அறிவதுண்டு. நாமும் 10 செ.மீ. சதுரம் ஒன்றை முதலில் கோத்துப் பார்ப்போம். முன்னும் பின்னும் நூலுருண்டையை நிறுத்தால் (மளிகைக் கடைத் தராசு உதவும்) செலவு தெரியும். அது 25 கிராம் எனின், 60க்கு 90 செ.மீ. கால்மிதியில் 54 சதுரங்கள், 1,350 கிராம். கழிவுக்குப் பத்திலொரு பங்கு சேர்த்தால் 1,485. 50 கிராம் உருண்டை 30 வேண்டும். பல நிறமாயின், கட்டத்தாளில் நிறந்தோறும் சதுரங்களை எண்ணுக.