இளநீர் வேண்டாம், கூட வாங்க

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் காலையிலேயே வாசலில் இளநீர் வந்து இறங்கிவிடும். கூடவே சாத்துக்குடி, ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னி மில்லில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள் நாங்கள். சிறுநீரகம் கெட்டு, மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் எனக்குத் தொடங்கிய வாரம் என் தையல் மெஷின் பலகை முழுக்க இளநீர்தான். அத்தனையும் அன்பு. அதில் ஒன்றைக்கூட நான் குடிக்க முடியாது.

இளநீரில் பொட்டாசியம் நிறைய. நல்ல சிறுநீரகம் உடம்புக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அது முடியாது. பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். சாத்துக்குடி, வாழைப்பழத்துக்கும் இதே கதைதான். உப்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பும் எங்களுக்கு ஆகாது. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியத்தைத்தான்.

எனக்கு இந்தச் சிறுநீரக நோய் வந்தது பி.பி.யால். இன்னும் பலருக்குச் சர்க்கரையால் வருகிறது. வலிக்காக நாள்தோறும் மாத்திரை போட்டுக் கெடுத்துக்கொண்டவர்களும் டயாலிசிஸ் வார்டில் இருக்கிறார்கள். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். பாதிக்கு மேல் பழுதானாலும் உடம்பு காட்டிக்கொள்ளாது. வலி கிடையாது. கால் வீங்கி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியபோதுதான் ரத்தம் சோதித்தார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போடுவார்கள். அந்த எண் 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. அதற்கு அப்புறம் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சுதான்.

டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம். இதற்காக என் இடது முன்கையில் ஒரு ரத்தநாளத்தை இன்னொன்றோடு இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. தினமும் காலையில் அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்பேன். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுவதுபோல் மெல்ல அதிரும். அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் வளையல் இறுக்கக் கூடாது, பி.பி. பார்க்கக் கூடாது, துணிக்கட்டு தூக்கக் கூடாது. எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். "அத்தை, வலது கையைக் குடு" என்று கேட்டுத்தான் பிடிப்பார்கள்.

தண்ணீரும் அளவோடுதான் என்று டாக்டர் சொன்னது விதி. அந்த விதியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று கற்றுக்கொடுத்தவர் வார்டில் பக்கத்துக் கட்டில் பெரியவர். ஒரு நாளைக்கு எனக்கு அனுமதித்த தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிவிடச் சொன்னார். காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கீழே கொட்டிவிட வேண்டும். தாகம் தாங்காதபோது ஒரே ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது, பொட்டாசியம் குறையக் காய்களைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிடுவது எல்லாம் அவர் பாடம். "ஊறுகாயை நிறுத்தும்மா, பாதித் தாகம் தானா அடங்கும்" என்றார். அடங்கியது. மெஷினில் படுத்திருப்பவர் சொல்லும்போது அது மனசில் ஏறுகிற விதமே வேறு.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் கிடைக்க வேண்டும் என்று 2016இல் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்தது. பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே சிறுநீரகத்துக்கென்று தனியாக அரசின் நெஃப்ரோ யூராலஜி இன்ஸ்டிடியூட் இருக்கிறது. நான் போவது அங்கேதான். எங்கள் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் சம்பிகே ரோடு, மெஜஸ்டிக், சிக்பேட், அடுத்தது கே.ஆர். மார்க்கெட். இறங்கி நடக்கும் தூரம்தான். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. டயாலிசிஸ் முடிந்ததும் பி.பி. இறங்கித் தலை சுற்றும், காலில் தசை இழுத்துப் பிடிக்கும். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள் அவர் என்னோடு உட்கார்ந்தால் அடுப்பு எரியாது.

அதனால்தான் இளநீர் கொண்டுவந்தவர்களிடமெல்லாம் நேராகவே கேட்டேன்: இது வேண்டாம், முடிந்தால் ஒரு நாள் கூட வாங்க. முதலில் வந்தது எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா. இப்போது என் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை வாசலிலேயே நிறுத்தி, "அக்காவுக்கு எளநீரு பேடா" என்று அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார். கூட வந்தவர்களில் இரண்டு பெண்கள் தாங்களாகவே பி.பி.யும் கிரியேட்டினினும் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி போன்ற நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் கொடுக்கலாம். பொருத்தம் இல்லாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். புருஷனுக்குக் கொடுத்த மனைவிகளை வார்டில் நிறையப் பார்க்கிறேன். மனைவிக்குக் கொடுத்த புருஷனைத் தேட வேண்டியிருக்கிறது. இது என்னை உறுத்துகிறது. எனக்கு என் அண்ணன் முன்வந்தார். அவருக்கே சர்க்கரை இருப்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அதோடு அந்த வழி அடைபட்டது, அவருக்கு வைத்தியம் தொடங்கியது.

இப்போது கர்நாடக அரசின் உறுப்பு தான அமைப்பான ஜீவசார்த்தகதேயின் காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம், தங்கள் துக்கத்துக்கு நடுவிலும் சம்மதித்தால்தான் எனக்குக் கிடைக்கும். அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம், வந்தால் தாமதிக்க முடியாது. நான் எடுக்காவிட்டால் கூப்பிட என் வீட்டுக்காரர் எண், எதிர்வீட்டு அம்மா எண், இரவு பதினொன்று வரை திறந்திருக்கும் மூலைக் கடைக்காரர் எண் மூன்றையும் கொடுத்திருக்கிறேன்.