அரிப்பு ஒன்றுக்கு, மருந்து இரண்டுக்கும் ஏன்?

முயலின் பிடரி முடியை விலக்கினால் பொடுகு. அதைக் கறுப்புத் தாளில் தட்டி உற்றுப் பாருங்கள். சில துகள்கள் நகரும். செய்லெட்டியெல்லா என்ற சிற்றுண்ணிகள் அவை. ஜோடி முயல்கள் ஒட்டிப் படுத்து, ஒன்றையொன்று நக்கிக்கொள்பவை. ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

நோயுற்றதை மட்டும் பிரித்து வைப்பது பெரும்பாலும் வீண்வேலை. திரும்பும்போது அதன் வாசனை மாறியிருந்தால் துணையே கடிக்கப் பாயலாம். இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எடை பார்த்து அவர் ஐவர்மெக்டினோ செலமெக்டினோ தருவார். இவை முட்டைகளைக் கொல்வதில்லை. அதனால்தான் சில வாரங்களில் மறுபடி தர வேண்டும். சொட்டு மருந்தைப் பிடரியில் விடுவது, முயலுக்கு அங்கே நாக்கு எட்டாது என்பதால். துணையின் நாக்கு எட்டுமே! காயும்வரை நடுவே கம்பிவலை வையுங்கள். பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், நக்க முடியாது.

நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் மட்டும் வேண்டவே வேண்டாம். முயலுக்கு அது வலிப்பைக் கொண்டுவரலாம், உயிரையும் எடுக்கலாம். குளிப்பாட்டுவதும் ஆபத்து: நனைந்த முயல் நடுங்கி அதிர்ச்சியில் விழலாம். விரிப்பை மாற்றிக் கூண்டைக் கழுவுங்கள். உதிர்ந்த சிற்றுண்ணி அங்கே சில நாள் உயிரோடிருக்கும்.